ஏழால் பெருக்கிய புடவை

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கும் பெரியப்பா மகளுக்கும் ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம் நிச்சயமானது. பிறந்ததிலிருந்து எங்களுக்கு ஒரே துணியில்தான் பாவாடை. ஒன்று கிழிந்தால் யாருடையது என்று தெரியாமல் இருவருக்கும் அடி விழும். மணவறையிலாவது என் மேல் இருப்பது எனக்கு மட்டுமானதாக இருக்கட்டும் என்று அண்ணனிடம் கேட்டேன். அவன்தான் நெய்கிறவன்.

கேட்ட இடம் தப்பு. அண்ணனை அப்போது ஓர் எண் பிடித்திருந்தது, பேய் பிடிப்பதுபோல. 142857. இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. ஆறு வரைக்கும் அதே இலக்கங்கள், அதே வரிசை, தொடங்கும் இடம் மட்டும் வேறு. பாதியாக வெட்டிக் கூட்டினால் 999. பெருமாளுக்குப் பத்து அவதாரம், பத்து முகம். இதற்கு ஆறு அவதாரம், ஒரே முகம். கருட சேவைக் கூட்டத்தில் சாமியைப் பார்க்காமல், பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தவரின் கையை இறக்கி அந்த உள்ளங்கையில் பெருக்கிக் காட்டியவன் அவன்.

எங்கள் தறியில் ஒரு பாவுக்கு மூன்று புடவை. பாவாக ஓடும் நீளவாட்டு இழையும் கரையும் மூன்றுக்கும் ஒன்றேதான். குறுக்கே ஓடும் ஊடையில்தான் வித்தியாசம் காட்ட முடியும். அண்ணன் எண்ணையே கோடாக்கினான். ஒரு நெல் அகலம் அரக்கு, நான்கு நெல் அகலம் மஞ்சள், இரண்டு அரக்கு, எட்டு மஞ்சள், ஐந்து அரக்கு, ஏழு மஞ்சள், மறுபடி ஒன்று.

“அவளுக்கு எண்ணு அப்படியே. உனக்கு ரெண்டால பெருக்கினது. டபுள்மா.”

முதல் புடவை அறுபட்டுப் பெரியப்பா வீட்டுக்குப் போனது. என்னுடையது முடிந்ததும் அவள் தன்னுடையதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். அவள் தன்னுடையதை ஐந்து நெல் அகலம் நகர்த்தினாள். கோட்டோடு கோடு போய் ஒட்டிக்கொண்டது. சுற்றி வருகிற எண்ணை எங்கே தொடங்கினால் என்ன?

அவள் சிரித்தாள். நான் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு அழுதேன். அண்ணன் பரவசத்தில் இருந்தான்.

“பாத்தியாமா, பட்டுல கூட மாறாம வந்துக்கினு இருக்குது.”

மூன்றாவது புடவை, பட்டு நூல் கொடுத்த முதலாளிக்கு; இன்னும் தொடங்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்த இரண்டாவதை அவருக்குக் கொடுத்துவிடு என்றேன்.

“மூணாவது எனக்கு. ஏழால பெருக்கு.”

அண்ணன் முகம் செத்துப்போனது. எல்லோரிடமும் ஆறோடு நிறுத்திக்கொள்கிறவன். ஏழைத் தொட்டால் அவன் தெய்வத்தின் சாயம் போய்விடும்: 999999. அவதாரமும் இல்லை, சுற்றும் இல்லை. ஒன்பது நெல் அரக்கு, ஒன்பது நெல் மஞ்சள், முந்தானையிலிருந்து கடைசிவரை.

“அது புடவை இல்லமா, பாயி.”

“பாயையே நெய்.”

நெய்தான், கசாயம் குடிக்கிற முகத்தோடு.

முகூர்த்தத்தில் புகைக்கு நடுவே பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, யார் வீட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தாய் என்று கேட்டாள். என்னுடையது என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ‘அவளுடையதும்’ இல்லை. அண்ணன் அதற்குள் என் மாப்பிள்ளையின் காதருகே குனிந்திருந்தான். எட்டால் பெருக்கினால் 1142856 வருமாம். முன்னால் நிற்கிற ஒன்றை எடுத்துக் கடைசி ஆறோடு சேர்த்தால் பழைய எண்ணே திரும்பி வந்துவிடுமாம். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு விரல்விட்டுக் கூட்டிக்கொண்டிருந்தார். முழங்கையால் இடித்தேன். கட்டினார்.