செலினின் முட்டி போய்விட்டதென்று சொன்னவன்

செலினின் முட்டி போய்விட்டது என்று சொன்னவன் நான்தான். சொன்ன அன்று அந்த முட்டியில் ஒரு கீறல்கூட இல்லை!

இதைக் கோயிலில் ஃபாதரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால், "முதலில் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்" என்பார். அந்தப் பரிகாரத்துக்குப் பயந்தே பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதை விட்டேன். பூசையில் நற்கருணை வாங்கவும் எழுவதில்லை. கேட்டால் கால்வாதம் என்கிறேன். உங்களுக்கு என் முகம் தெரியாது... அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நான் சாதாரண ஆளில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எஸ்டேட்டில் மூட்டை தூக்கியவன். இன்று என் காப்பித்தூள் வாசனையை மோந்து பார்க்காமல் ஏற்காட்டு பஜாரில் ஒருவரும் பஸ் ஏற முடியாது! அன்று என்னை விரட்டிய எஸ்டேட் கணக்கு ரைட்டரின் மகன் இன்று என்னிடம் சம்பளம் வாங்குகிறான்.

எப்படி வளர்ந்தேன்? அது தெரிந்தால்தான் என் குற்றம் உங்களுக்கு விளங்கும்.

காய் பழுப்பதற்கு முன்பே தோட்டத்தைப் பார்த்து விலை பேசுவது எங்கள் தொழில். நல்ல காய்ப்பு கண்ணில் பட்டால் புகழ மாட்டோம். டீக்கடையில் உட்கார்ந்து, "அந்தத் தோட்டத்துக் காயில பூச்சி உளுந்துருச்சாமா, பாவம்" என்று ஒரு பெருமூச்சு விடுவோம். மற்ற வியாபாரிகள் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள். பிறகு நாங்கள் போய், ஏதோ உதவி செய்பவர்களைப் போல வாங்கிக்கொள்வோம். எல்லாரும் செய்வதுதான். எனக்கு அது கைவந்த கலை.

அந்தக் கலையை ஒரு பெண்பிள்ளையின் மேல் காட்டினேனே!

செலின், தலைச்சோலையில் காப்பிப்பழம் பறிக்கும் மரியாளின் மகள். அப்பன் இல்லை. மிஷன் பள்ளி மைதானத்தில் அவள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் எதிரே நிற்பவர்கள் வழிவிடுவதுபோலத் தோன்றும். அவள் பிளஸ் டூ முடித்த வருடம், சேலத்தில் ஒரு கல்லூரித் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். பெண்கள் கால்பந்து அணி ஒன்று கட்டுகிறாராம். நல்ல ஆட்டக்காரியைக் கொண்டுவந்தால் கேன்டீன் எனக்கு. அணியின் சட்டையில் என் காப்பித்தூள் பெயர்.

இந்தக் காலத்தில் ஆட்டக்காரப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு இழுக்கச் சீட்டும் ஹாஸ்டலும் போதாது. வெளியே ஒரு ஜவுளிக்கடைக்காரனோ என்னைப் போல ஒரு காப்பிக்காரனோ விளம்பரப் பணத்தோடு நிற்க வேண்டும். கோச் யார் என்று கேட்பதற்கு முன், பிள்ளையின் படம் எங்கே வரும், மாதம் என்ன வரும் என்று வீட்டில் கேட்கிறார்கள். இல்லாதவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அதில் என்ன பிழை?

ஆனால் செலின் கேட்கவில்லை. சென்னையில் ஒரு கல்லூரிக்குப் போகவே ஆசைப்பட்டாள். அங்கே விளம்பரம் கிடையாது. நல்ல பயிற்சி உண்டு. அங்கிருந்து மாநில அணிக்குப் போகிறார்கள். அந்தக் கோச்சம்மா அவளை நேரில் பார்க்க மலையேறி வந்தார். வந்தவர் தலைச்சோலைக்கு வழி கேட்டு நுழைந்த கடை... என்னுடையது!

உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். முதல் தரம்.

"செலினைப் பாக்கோணுங்களா? அடடா... உங்களுக்குத் தெரியாதுங்களா மேடம்? முட்டி போச்சுங்க அந்தப் புள்ளைக்கு. ஊட்டுல மறைக்கிறாங்க. நான் சொன்னேன்னு கேட்டுறாதீங்க, நொம்ப நொந்துபோயிருவாங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லவேளை சொன்னீங்க" என்று கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டார். மனம் நோகக் கூடாதென்று, 'இந்த வருடம் இடமில்லை' என்று மட்டும் செய்தி அனுப்பினாராம். நல்ல மனுஷி. அந்த நல்ல மனசையும் நான்தான் பயன்படுத்திக்கொண்டேன்.

சாயங்காலம் தலைச்சோலைக்குப் போனேன். கோழிக்குழம்பு ஆறிக் கிடந்தது. மரியாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஏனுங்கண்ணா, வரேன்னாங்களே... எங்க ஊட்டைப் பாத்துட்டுத் திரும்பிட்டாங்களோ?"

"பெரிய எடம் அப்படித்தான் மரியா. நம்ம புள்ளைக்கு நான் இருக்கேன்" என்றேன். அந்தக் குழம்பையும் உட்கார்ந்து சாப்பிட்டேன்!

செலின் சேலத்துக் கல்லூரியில் சேர்ந்தாள். என் காப்பித்தூள் பாக்கெட்டில் சிரித்தாள். கொண்டை ஊசி வளைவிலே பெரிய பலகையில் சிரித்தாள். வியாபாரம் ஏறியது. சொன்ன பணத்தை நாள் தவறாமல் கொடுத்தேன். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடத் தொடங்கினாள்.

"எம்மூஞ்சியைப் போட்டதால வித்துச்சுங்க பெரியப்பா. உங்க மூஞ்சியைப் போட்டிருந்தா தூளே கசந்திருக்கும்!" என்பாள். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். காயில் பூச்சி என்ற பேச்சு அந்த அறுவடையோடு போய்விடும். மனுஷப்பிறவியின் மேல் விழுந்த பேச்சு போகாது. ஒரு கோச்சிடமிருந்து இன்னொரு கோச்சுக்கு அது நடந்தது. மாநில முகாமுக்குச் செலினை அழைக்கவில்லை. அடுத்த வருடமும் அழைக்கவில்லை. ஏனென்று அவளுக்கு விளங்கவில்லை. பிறகு ஒரு போட்டியில் எதிரணிப் பெண் ஒருத்தி, "உனக்கு முட்டி போச்சாமே, எதுக்கு ஓடற?" என்றாளாம்.

கடைக்கு வந்து சொன்னாள். நான் தராசில் தூளை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்; தட்டு நிறைந்து வழிந்தது.

"எவளோ பொறாமையில கெளப்பி உட்டிருக்கா பெரியப்பா. இருக்கட்டும். ஒரு மேட்ச்கூட உக்காராம ஆடிக் காட்றேன்."

ஆடிக் காட்டினாள்... உண்மையிலேயே முட்டியில் அடிபட்ட பிறகும்!

ஆம். போன மழைக்காலத்தில், ஈர மைதானத்தில், கால் திரும்பிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்பார்கள். டாக்டரிடம் போயிருப்பார்கள். அவள் போகவில்லை. போனால் வதந்தி உண்மையாகிவிடுமே! விளையாட்டுக் கோட்டாவில் அரசு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இந்த வருடப் போட்டிகளைப் பார்க்க வருகிறார்கள். மரியாளுக்கு இப்போது இடுப்பில் கூடை கட்ட முடியவில்லை. அந்த ஒரு வேலையைத்தான் இரண்டு பேரும் நம்பியிருக்கிறார்கள்.

இந்த வருடத்தின் முதல் போட்டிக்கு என் ஜீப்பிலேயே அழைத்துப் போனேன். மைதானத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தச் சொல்லி, பின்கதவைத் திறந்து, காலை நீட்டினாள்.

"பெரியப்பா, உங்ககிட்ட மட்டுந்தான் காட்றேன். அம்மாவுக்குத் தெரியக்கூடாதுங்க."

வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது.

"கண்ணு, இன்னைக்கு வேண்டாம்... டாக்டரைப் பாத்துரலாம் சாமி."

"பாத்தா எல்லாரும் என்ன சொல்லுவாங்க? அன்னைக்கே சொன்னமேன்னு சொல்லமாட்டாங்களா? நல்லா இறுக்கிக் கட்டுங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்தான் கண்ணு, அது பொய், நீ யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை, காலைக் காப்பாற்றிக்கொள் என்று! நானே அந்தக் கோச்சம்மாவிடம் போய் நின்றிருக்கலாம். வாய் திறந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பெரியப்பா இருந்தார்... திருடன் இல்லை. வாயை மூடிக்கொண்டேன். கட்டினேன். இறுக்கிக் கட்டினேன்!

எதற்குப் பயந்தேன்? பஜாரில் என் பெயருக்கா? பாக்கெட்டுக்கா? இல்லை, அந்தப் பிள்ளை என்னை வேறு கண்ணால் பார்த்துவிடுவாள் என்றா? எல்லாவற்றுக்கும்தான். எது பெரியது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லை. ஜீப்பில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். சத்தம் எழும்பும் போதெல்லாம் விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். ஒரு சத்தத்துக்கு எழுந்து ஓடினேன். கோல் போட்டிருந்தாள்!

நொண்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே வந்தாள்.

"உங்க கைராசி பெரியப்பா! இனி எல்லா மேட்சுக்கும் நீங்கதான் கட்டோணும்."

அன்றிலிருந்து நான்தான் கட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும் வீக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட நினைக்கிறேன். இந்த மூட்டு என்றைக்கு, எந்த ஓட்டத்தில், எந்த ஈர மண்ணில் முறியும் என்று மலைப்பாதை முழுக்க நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறேன்.

நாளைக்குக் காலையில் அடுத்த போட்டி. ஆள் எடுப்பவர்கள் வருகிறார்களாம். சற்று முன்புதான் போன் செய்தாள்.

"புதுத் துணிப்பட்டையா வாங்கி வெச்சிருங்க பெரியப்பா. பழசு இறுக்கம் பத்தலீங்க."

வாங்கி வைத்துவிட்டேன்.