பதினொரு பேர் மறந்த அத்தியாயம்

மச்சாள் அந்த நாவலைக் கத்தியால் இரண்டாகப் பிளந்த மத்தியானம் எனக்கு நல்ல ஞாபகம். நான் கலியாணம் முடித்துப் புத்தூருக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மச்சாள் என் கணவரின் தமக்கை. ஊர் வாசிகசாலையின் புத்தக அலுமாரிக்குப் பொறுப்பாக இருந்தவர். ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறையைச் சொல்லும் தடித்த புத்தகம் அது. தகப்பன் கதை முடிந்து மகள் கதை தொடங்கும் பக்கத்தில் கத்தியை வைத்து நேராக வெட்டி, இரண்டு பாதிக்கும் சாக்கு ஊசியால் தையல் போட்டார். நான் பதறிப்போனேன். "இனி இரண்டு வீடு ஒரே நேரத்திலை வாசிக்கலாம். ஒருத்தி முடிக்குமட்டும் மற்றவள் ஏன் பாத்துக்கொண்டு இருக்கோணும்?" என்றார்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம், சண்டைக் காலம். பொருளாதாரத் தடையால் சவர்க்காரமே வராத ஊருக்குப் புத்தகம் எங்கே வரும்? இருந்ததையே திருப்பித் திருப்பி வாசித்தோம். அதிலும் தலைமுறைக் கதைகளுக்குத்தான் அடிபிடி. நாளைக்கு யார் இருப்பார், யார் இருக்கமாட்டார் என்று தெரியாத காலத்தில், ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து அதற்கும் தலை நரைப்பதை வாசிப்பது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எங்களை அழிக்க நினைத்தவர்களுக்கு நாங்கள் காட்டிய சின்ன முறைப்பு என்றும் சொல்வேன்.

இந்த நாவலுக்கு அட்டையும் இல்லை, பெயரும் தெரியாது. முதல் பாதியில் ஒரு தோட்டக்காரர் கல் உடைத்து நிலம் திருத்தி, கிணறு வெட்டி, நாற்சார வீடு கட்டி ஊர் மதிக்க வாழ்வார். இரண்டாம் பாதியில் அவருடைய மகள், அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ள விடப்படாத சாதியில் பிறந்த ஒருவனைக் கலியாணம் முடித்து, ஊரைப் பிரிக்கும் ஒழுங்கைக்கு அப்பால், அவனுடைய ஆக்களின் பக்கம் போய்விடுவாள்.

வாசிகசாலைத் தலைவர் ஓய்வுபெற்ற வாத்தியார். முதல் பாதியை மட்டும் வாசித்துவிட்டு, கதை அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டார். வருடாந்தக் கூட்டத்தில் எழும்பி, "எங்கடை ஆக்கள் எப்பிடி மானத்தோடை வாழ்ந்தவை எண்டு இதிலை இருக்கு. ஒவ்வொரு வீட்டுக் குமர்ப்பிள்ளையும் இதைக் கட்டாயம் வாசிக்கோணும்" என்று முழங்கினார். பின்வரிசையில் இருந்த நாங்கள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டோம். மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை. "ஓம் ஐயா, எல்லாருக்கும் குடுக்கிறன்" என்று பணிவாகச் சொன்னார். சரியான கள்ளி.

தலைவர் சொன்னபடியே அவருடைய மகளும் வாசித்தாள். அவள் மேசையில் வைத்துவிட்டுப்போன இரண்டாம் பாதியைத் தலைவர் ஒருநாள் எடுத்துப் பார்த்திருக்கிறார். அடுத்தநாட் காலை அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வாசற் படலையைத் திறந்தார்.

"பிள்ளை, உந்தப் பாதி எங்கடை ஊருக்குத் தேவையில்லை. தகப்பன்ரை கதையோடை வடிவாத்தானே முடியுது."

"தகப்பன்ரை கதையோடை முடிஞ்சா அது குடும்பக் கதையில்லை ஐயா, கல்வெட்டு" என்றார் மச்சாள். செத்தவரின் பெருமையைப் பாட்டாக எழுதி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று பங்கிடும் சின்னப் புத்தகத்தைத்தான் எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. அலுமாரிப் பூட்டின் திறப்பைத் தரச்சொல்லிக் கையை நீட்டினார். மச்சாளுக்கு உலகத்தில் இருந்த ஒரே பதவி அது. திறப்பைக் கொடுத்தார். "புத்தகம்தானே உங்களிட்டை. வாசிச்சது எங்களிட்டை இருக்கு" என்றார்.

அந்தச் சனிக்கிழமை, இரண்டாம் பாதியை வாசித்திருந்த பெண்களை எங்கள் விறாந்தைக்குக் கூப்பிட்டார். என்னோடும் அவரோடும் பதினொரு பேர். பிள்ளைகளின் பழைய கொப்பிகளில் எழுதாமல் கிடந்த தாள்களைக் கிழித்து ஆளுக்கு ஓர் அத்தியாயம் பங்கிட்டார். ஞாபகத்தில் இருப்பதை எழுத வேண்டும். கூறைச்சீலை சிவப்பா மாம்பழ மஞ்சளா என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை பிடித்தோம். மாமியார் கதாபாத்திரத்தை எழுதியவள் தன் சொந்த மாமியாரை அப்படியே இறக்கிவிட்டாள்.

கடைசி அத்தியாயம் என் பங்கு. அதை வாசித்து அழுதவள் நான். ஒரு வரிகூட மறக்காமல் எழுதிக் கொடுத்தேன். மகள் கைக்குழந்தையோடு வந்து தகப்பன் வீட்டுப் படலையடியில் விழுந்து மன்னிப்புக் கேட்பாள், அவர் மனமிரங்கி உள்ளே விடுவார். மச்சாள் அதை நின்றபடியே வாசித்தார். "உப்பிடி ஓரிடம் அதிலை இருந்ததா எனக்கு ஞாபகமில்லை. உங்களுக்கு இருக்கோ?" என்று மற்றவர்களைப் பார்த்தார். ஒருத்தி தலையை ஆட்டினாள், இல்லை என்று. பிறகு மற்றவள். வரிசையாக ஒன்பது பேரும் மறந்துபோனார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. "எழுதினவருக்கு இது துரோகமில்லையோ மச்சாள்?" என்றேன்.

"அவர் ஒருக்கா எழுதினவர். நாங்கள் எட்டுத்தரம் வாசிச்சனாங்கள். அவள் என்ன களவெடுத்தவளோ காலிலை விழ? நீர் ஞாபகப்படுத்திப் பாத்து எழுதும்."

நானும் மறந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், கொஞ்சமும் வெட்கப்படவில்லை. புதிதாக நான் எழுதியதில் தகப்பனே ஒழுங்கையைக் கடந்து மகள் வீட்டுக்குப் போவார். அந்தக் கொப்பித் தாள்கள் தலைவர் வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும் போய்வந்தன. அவர் வீட்டுக்கும் போயின என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர, எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தபோது, கொடிகாமத்தில் அம்மா வீடு சேரும்வரை அந்தத் தாள்கட்டை உடுப்புகளுக்கு நடுவில் வைத்துத் தூக்கிப்போனேன். திரும்பி வந்தபோது வாசிகசாலைக்குக் கூரையும் இல்லை, உள்ளே அலுமாரியும் இல்லை. மச்சாளும் இப்போது இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் என் மகளும் அந்தக் கதை மகளைப்போலத்தான் கலியாணம் முடித்தாள். பையன் வீடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். "வந்து காலிலை விழட்டும், பாப்பம்" என்றார் கணவர். ஊருக்கடி உபதேசம், உனக்கில்லையடி கண்ணே என்பது எனக்கே பொருந்தும்: நானும் காத்திருந்தேன். ஐந்து மாதம். மச்சாள் இருந்திருந்தால் ஐந்து நாள் விட்டிருக்கமாட்டார். பிறகு ஒருநாள் பெட்டி துடைக்கும்போது அந்தத் தாள்கள் கையில் வந்தன. கடைசி அத்தியாயம் என் கையெழுத்து. வாசித்து முடிக்கப் பொறுமையில்லாமல் செருப்பைப் போட்டேன். "ஊர் என்ன கதைக்கும்?" என்று கணவர் பின்னால் கேட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. "ஏனம்மா இவ்வளவு நாள்?" என்றாள். "பிழை என்ரை" என்றேன். சம்பந்தி அம்மா சாப்பாட்டுக் கோப்பையை வைத்துச் சோறு போட்டார். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். திரும்பி வரும்போது, எங்கே போய்வருகிறாய் என்று வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் எங்கே சாப்பிட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கேட்காதவர்களை நிறுத்திச் சொன்னேன்.