எலி மருந்தும் முருங்கைப் பொடியும்

இங்கிலாந்தில் நர்ஸ் விரலில் குத்துவதற்கு முன்னால் ஒரு 'ஸாரி' சொல்வாள், குத்திய பிறகு இன்னொன்று. மன்னார்குடியில் எங்கள் கம்பவுண்டர், "கையைக் காட்டுங்க, என்ன சின்னப் புள்ள மாதிரி!" என்று அதட்டுவார். எனக்கென்னவோ அதட்டினால்தான் வலி குறைகிறது.

கணவரின் கம்ப்யூட்டர் வேலையைத் தொற்றிக்கொண்டு இங்கே வந்த இரண்டாம் குளிர்காலத்தில், என் இடது கால் திடீரென்று வெளிறிச் சில்லிட்டது. குளிர்தான் என்று இன்னொரு ஜோடி சாக்ஸ் மாட்டிக்கொண்டேன், மகா புத்திசாலி! தொடையின் பெரிய தமனியில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. கீறி எடுத்துக் காலைக் காப்பாற்றினார்கள். உடம்பின் காவல்படையே புத்தி பிசகி ரத்தத்தை உறைய வைக்கிற நோயாம். டாக்டர் சுருக்கமாக "ஸ்டிக்கி பிளட்" என்றார். ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை. ரத்தம் ஒரு நிலைக்கு வரும்வரை விமானம் ஏறக் கூடாது. இன்னொரு அடைப்பு வந்தால் காலோ உயிரோ போகலாம். ஊரைப் பார்க்காமலே செத்துவிடுவேனோ என்று அழுதேன்.

அக்காவிடம் போனில், "ரத்தம் ரொம்பக் கெட்டியா இருக்காம்க்கா" என்றேன்.

"கெட்டியா இருந்தா நல்லதுதானேடி! தண்ணியா இருந்தாத்தான் சோகை."

மாத்திரையின் பெயரைக் கேட்டதும் அவள் கணவர் பின்னாலிருந்து கத்தினார்: "அய்யய்யோ, அது எலிக்கு வைக்கிற மருந்தாச்சே!"

அவ்வளவுதான். விஷத்தை முறிக்க முருங்கைக்கீரைப் பொடி பார்சலில் வந்து இறங்கிவிட்டது. நெய்விட்டுச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். ஊர் ஞாபகம் அதிகமான நாளில் பொடியும் அதிகம். வாராவாரம் விரலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் ரத்தம் உறையும் அளவு ஒரு வாரம் ஏறியது, மறுவாரம் விழுந்தது.

"கிரீன்ஸ் நிறையச் சாப்பிடுகிறீர்களா?" என்று நர்ஸ் ஒவ்வொரு முறையும் கேட்டாள்.

"இல்லவே இல்லை." இலை தழையைப் பச்சையாக மெல்ல நான் என்ன ஆடா?

நான் மாத்திரையை விழுங்காமல் ஏமாற்றுகிறேன் என்று அவள் சந்தேகப்பட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் தின்பது இதுதான் என்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டினேன். சோறு கரும்பச்சையாக இருந்தது.

"என்ன இது?"

"பொடி."

"எதை அரைத்த பொடி?"

"முருங்கை இலை" என்று சொல்லும்போதே எனக்கு உறைத்தது: அவள் கேட்ட கிரீன்ஸ் இந்தக் கீரைதான்! கிரீன்ஸ் ரத்தத்தை உறைய வைக்கும், மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்று அவள் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்! நான் சீக்கிரம் ஊருக்கு வர வேண்டும் என்று அக்கா அனுப்பிய பொடிதான் என்னை இங்கேயே பிடித்து வைத்திருந்தது.

நர்ஸ் சிரித்துவிட்டாள். நிறுத்த வேண்டாம், தினமும் ஒரே அளவு சாப்பிடுங்கள், அதற்கேற்ப மாத்திரையைச் சரிசெய்கிறோம் என்றாள். போனில் இதைக் கேட்ட அக்காவுக்கோ தலைகால் புரியவில்லை. "பாத்தியா, எலி மருந்தையே முறிச்சிருக்கு என் பொடி!"

இன்று நர்ஸ் இரண்டு 'ஸாரி'யும் சொல்லி முடித்து, அளவைப் பார்த்து, "இனி விமானம் ஏறலாம்" என்றாள். பெட்டி கட்டுகிறேன். போகும்போது மாத்திரை, வரும்போது பொடி. இதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஊரிலும் என் ரத்தம் ஒழுங்காக ஓடாது.