போனஸ் தவிர வேறெதற்கும் இல்லை

விமலாராணிக்கு ஒரே ஆசை, மேனேஜர் நாற்காலி. அதற்காகவே பதினேழு வருடம் வங்கியில் காசோலைகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். 1994இல் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது; நேர்முகத் தேர்வு மட்டும் பாக்கி. ஆள் படு கறார். கணவர் ஆரோக்கியதாஸே அவருடைய கிளையில் கணக்கு வைத்துக்கொள்ளப் பயப்படுவார்.

சோமனூரில் சுந்தரராஜுலுவின் விசைத்தறிக் கூடம் முந்தைய தீபாவளிக்குப் போனஸ் தகராறில் நின்றுபோயிருந்தது. அதனால் இந்த வருடம் புது ஏற்பாடு. முதலாளி ஒரு மாதம் முன்பே பணத்தை விமலாராணியின் வங்கியில் தனிக் கணக்காகப் போட்டுவிட வேண்டும். ‘போனஸ் தவிர வேறெதற்கும் இல்லை’ என்று வங்கியும் கடிதம் கொடுத்தது. கையெழுத்து விமலாராணியுடையது. நகலைப் பேரேட்டில் பசை தடவி ஒட்டியும் வைத்தார்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, தறிக்கூடத்தில் நூல் தார் சுற்றும் ராமாமணி முதல் போனஸ் காசோலையோடு வந்தார். பின்னால் இருபது பேர். அன்று காலைதான் மேலிடத்து உத்தரவும் வந்திருந்தது: சுந்தரராஜுலு தறிக்கடன் கட்டவில்லை, அவர் பெயரில் இருப்பதையெல்லாம் கடனுக்கு எடுத்துக்கொள்ளவும்.

“செக்கையெல்லாம் திருப்பிருங்க மேடம்” என்றார் மேனேஜர்.

“இது இவங்களுக்குன்னு நம்மகிட்ட வெச்ச பணமுங்க சார். சரின்னு எழுதிக் குடுத்துத்தான வாங்கினோம்?”

“எழுதிக் குடுத்த கையெழுத்து யாருது?”

“என்றதுதானுங்க.”

“அப்ப பாஸ் பண்ற கையெழுத்தும் உங்களுதாவே இருக்கட்டும். நான் போடமாட்டேன்.”

இருபத்தொரு காசோலைகளிலும் விமலாராணி கையெழுத்துப் போட்டார். பயமாகத்தான் இருந்தது.

மதியம் சுந்தரராஜுலுவே வந்தார். அவருடைய கூடத்தில் தறி ஓட்டிய இரண்டு தறிக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூர் போய்விட்டார்கள். அவர்கள் பங்குக்குத் தன் பெயரிலேயே காசோலை எழுதியிருந்தார். விமலாராணி அதைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஏனுங்க அம்மணி, என்ற பணந்தானுங்க அது!”

“போனஸுக்குன்னு போட்டதும் நீங்கதானுங்க.”

அவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போனார். ஒரே நாளில் விமலாராணி மேலிடத்துக்கும் ஆகாதவர், வாடிக்கையாளருக்கும் ஆகாதவர்.

பட்டியலிலிருந்து பெயர் போனது. சத்தியமங்கலத்துக்கு மாற்றல் வந்தது. அன்று ஆரோக்கியதாஸின் முன்னால் உட்கார்ந்து விமலாராணி அழுதார். செய்தது தப்பென்று மட்டும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு முன்பு அந்தத் தறிக்காரர்கள் இருவரும் திரும்பி வந்து போனஸ் கேட்டார்கள். தன்னால் எடுக்க முடியாத பணம்தானே என்று சுந்தரராஜுலு காசோலை எழுதிக் கொடுத்தார். வங்கியில் விமலாராணியின் இடத்துக்கு வந்திருந்த புது ஆபீசர் பேனாவைத் திறக்காமல் மேனேஜரைப் பார்த்தார். மேலிடத்து உத்தரவு கோப்பில் அப்படியேதான் இருந்தது; தனிக் கணக்கில் மிச்சப் பணமும்.

மேனேஜர் பேரேட்டை வாங்கி, ஒட்டியிருந்த கடிதத்தை முழுதாகப் படித்தார். பிறகு இரண்டு காசோலைகளிலும் தானே கையெழுத்துப் போட்டார்.