பீடத்துணியில் ஒரு மஞ்சள் கறை

போத்தனூர்ப் பக்கம் இருக்கும் அந்தக் கத்தோலிக்கக் கோயிலின் பீடத்துணியை இருபத்திரண்டு வருடமாக அருள்செல்விதான் துவைத்துவந்தாள். சம்பளம் கிடையாது. மைக்கில் நன்றி என்று யாரும் சொன்னதும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் சாமியாரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் பீடத்தின் ஓரத்தில் தொங்கும் லேஸைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது பளிச்சென்று இருந்தால் அந்த வாரம் அவளுக்கு நல்ல வாரம்.

கறை எடுக்கும் வித்தையைப் புருசன் சட்டையில் பழகினாள். அந்தோணிராஜ் மோட்டார் பம்பு கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கல்யாணமான புதிதில் அவருடைய கிரீஸ் சட்டையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கையைப் புண்ணாக்கிக்கொண்டாள். கறையின் மேல் முதலில் தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, அப்புறம் சோப்புக்குப் போக வேண்டும் என்பது அவளாகக் கண்டுபிடித்தது. அப்படியே ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. துருக் கறைக்கு எலுமிச்சம்பழமும் கல்லுப்பும் தேய்த்து வெயிலில் போடுவாள். மெழுகு சொட்டினால் ஐஸ் வைத்துச் சுரண்டிவிட்டு, மேலும் கீழும் காகிதம் வைத்து இஸ்திரி போடுவாள். திராட்சை ரசம் பட்டால் உடனே பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பக்கமே போகமாட்டாள். ஐம்பத்தைந்து வயதில் அவளுக்கென்று இருந்த சொத்து இதுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தாராபுரத்திலிருந்து லின்சி வந்து சேர்ந்தாள். புருசனுக்கு இங்கே பேங்க்கில் மாற்றல். சிரித்த முகம், எப்போதும் கையில் போன். வீட்டுக் குறிப்பு வீடியோ போடுகிறவள். எந்தக் கறையாக இருந்தாலும் அவளுக்கு ஒரே மருந்து, சோடா மாவு. சிங்க்கா, சோடா மாவு. ஷூவா, சோடா மாவு. கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்து வீடுகள் கூடும் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். அந்த அன்பியத்துப் பெண்களின் வாட்ஸப் குரூப்பில் அவள் வீடியோ விழுந்தால் போதும், பூவும் கைகூப்பும் வரிசையாக வந்து கொட்டும். அதே குரூப்பில் அருள்செல்வி துருக் கறைக்கு எலுமிச்சம்பழம் என்று எழுத்துக் கூட்டித் தட்டிப் போட்டபோது, ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. அதுவும் லின்சி போட்டது. அதுதான் இன்னும் எரிச்சல்.

பொறாமை என்று அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள். ஆனால் அது பொறாமைதான், பச்சைப் பொறாமை. லின்சியின் ஒவ்வொரு வீடியோவையும் இரண்டு தடவை பார்ப்பாள். முதல் தடவை குற்றம் கண்டுபிடிக்க, இரண்டாம் தடவை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று எண்ண.

புது வருடத்து முதல் அன்பியக் கூட்டத்தில் பங்குச் சாமியார் ஒரு குண்டைப் போட்டார். நல்ல மனுசர், நல்லெண்ணத்தில்தான் போட்டார்.

"அருள்செல்வியம்மாவுக்கு முட்டி வலி. எத்தனை வருசம்தான் அவங்களே தொவைப்பாங்க? இனிமே மாசத்துக்கு ஒருத்தர்னு வச்சுக்கலாம். ஜனவரிக்கு லின்சி பாத்துக்கட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அருள்செல்வியும் தட்டினாள். வீட்டுக்கு வந்து சமையல்கட்டில் பாத்திரங்களை ஒவ்வொன்றாக ஓசைப்படுத்தினாள்.

"முட்டி வலின்னு நீதான அருளு சொன்னே?" என்றார் அந்தோணிராஜ்.

"ஏனுங்க, வலிக்குதுன்னுதானுங்க சொன்னேன். புடுங்கிக் குடுங்கன்னா சொன்னேன்?"

ஜனவரி பதினைந்தாம் தேதி கோயிலில் பொங்கல் பூசை நடந்தது. காணிக்கைப் பவனியில் கொண்டுவந்த பானையை யாரோ ஆர்வக் கோளாறில் பீடத்தின் ஓரத்திலேயே வைத்துவிட்டார்கள். பானைக்குப் பூசியிருந்த மஞ்சள் ஈரம் காயவில்லை. லேஸுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் இறங்கியது. மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அருள்செல்வி அதைப் பார்த்தாள். உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்ததை அவளே கவனித்தாள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய சந்தோசம்தான். அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள்.

மறுநாள் மதியம் லின்சி ஒரு வாளியோடு வந்து வாசலில் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"ஏனுங்க அக்கா, ஊட்ல இருக்கீங்களா?"

"வாங்க அம்மணி, வாங்க. உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா?"

வயிறு எரிய எரிய அருள்செல்வியின் பேச்சில் மரியாதை கூடிக்கொண்டே போகும். லின்சிக்கு அது தெரியாது.

"மஞ்சக் கறைக்குச் சோப்புப் போட்டனுங்க அக்கா. ரத்தமாட்ட செவந்துபோச்சுங்க. பயந்துபோயிச் சோடா மாவைப் போட்டுத் தேச்சனுங்க. இன்னும் செவந்துருச்சு. செபஸ்தியார் திருவிழாவுக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்குதுங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"

அருள்செல்வி வாளிக்குள் பார்த்தாள். சோப்பும் சோடா மாவும் பட்டால் மஞ்சள் சிவக்கும். எலுமிச்சம்பழச் சாற்றில் நனைத்தால் பழையபடி மஞ்சளாகும். அப்புறம் அலசி மொட்டை மாடி வெயிலில் இரண்டு நாள் விரித்துப் போட்டால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். இதை அவள் ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரியும். திருவிழாவில் துணி பளபளக்கும், லின்சி வீடியோ போடுவாள், குரூப்பில் பூ கொட்டும்.

துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள். பெரிய டாக்டரைப் போல ஒரு பெருமூச்சு விட்டாள்.

"செவந்துபோட்டா அவ்வளவுதானுங்க அம்மணி. இனிப் போகாதுங்க."

"எலுமிச்சம்பழம் கிலுமிச்சம்பழம் போட்டுப் பாக்கலாங்களா?"

"போட்டா நூல் இத்துப்போயிருமுங்க."

லின்சி அழுதேவிட்டாள். போனில் தேடியிருந்தால் அரை நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். ஆனால் அருள்செல்வி அக்காவே சொன்ன பிறகு வேறு யாரிடம் கேட்பது என்று அவள் தேடவில்லை.

லின்சி அழிச்சாட்டியம் பண்ணித் துணியைப் பாழாக்கினாள் என்று பேச்சாகும், மறுபடியும் நம்மையே கூப்பிடுவார்கள் என்பதுதான் அருள்செல்வியின் கணக்கு. கணக்கு வேறு மாதிரி முடிந்தது. லின்சி சாமியாரிடம் போய்த் தன் மேல்தான் தப்பு என்று சொன்னாள். அவர் திட்டவில்லை. ஒப்பணக்கார வீதிக்கு ஆள் அனுப்பிப் புதிதாக ஒரு பீடத்துணி வாங்கிவரச் சொன்னார். திருவிழா அன்று அது பீடத்தில் மினுமினுத்தது. பாலியெஸ்டர். கறை ஒட்டாதாம், ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதுமாம், இஸ்திரியும் வேண்டாமாம். பூசை முடிவில் சாமியார் மைக்கில் சொன்னார்: "இனிமே யாருக்கும் தொவைக்கிற சிரமமே இல்லை."

மறுபடியும் எல்லோரும் கை தட்டினார்கள். இந்தத் தடவை அருள்செல்விக்குக் கை எழவில்லை.

அன்று சாயங்காலம் லின்சி பழைய துணியை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தூக்கிப் போட மனசு வரலீங்க அக்கா. ஃபாதருகிட்டக் கேட்டேன், உங்ககிட்டயே குடுக்கச் சொன்னாருங்க. நீங்கதான இத்தனை வருசம் பாத்தீங்க."

மறுநாள் அருள்செல்வி நான்கு எலுமிச்சம்பழம் பிழிந்தாள். துணியை நனைத்தாள், அலசினாள், முட்டி வலியோடு மாடிப்படி ஏறிக் கொடியில் போட்டாள். முதல் நாள் சாயங்காலம் கறை வெளிறியிருந்தது. மறுபடி நனைத்துப் பிழிந்து போட்டாள். இரண்டாம் நாள் மதியம் கறையே இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் துணி இவ்வளவு வெள்ளையாக இருந்ததில்லை.

அந்தோணிராஜ் மாடிக்கு வந்து பார்த்தார். "அட, சுத்தமாப் போயிருச்சே. கோயிலுக்குக் கொண்டுபோயிக் குடுத்துரு அருளு. சந்தோசப்படுவாங்க."

கொடுக்கலாம். கொடுத்தால், போகாது என்று சொன்னாயே என்று கேட்பார்கள். யாரும் கேட்காவிட்டாலும் லின்சி ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள். அதை நினைத்தபோது அருள்செல்விக்கு உடம்பு கூசியது.

"ஏனுங்க அக்கா" என்று கீழே குரல் கேட்டது. லின்சிதான். பேசிக்கொண்டே படியேறி வந்துகொண்டிருந்தாள்.

அருள்செல்வி துணியை உருவினாள். ஒளிக்க இடமில்லை. மூலையில் ஒரு தண்ணீர் டிரம் காலியாகக் கிடந்தது. துணியைச் சுருட்டி அதற்குள் போட்டு, மூடி வைத்து, மூடியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்தோணிராஜ் மனைவியைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், கீழே இறங்கிப் போனார்.

"அக்கா, உங்களப் பத்தி வீடியோவுல சொல்லியிருக்கேனுங்க. பாருங்க" என்று லின்சி போனை நீட்டினாள்.

போனுக்குள் இருந்த லின்சி பேசினாள்: "மஞ்சக் கறைக்குச் சோடா மாவு போடாதீங்க, நான் போட்டு ஏமாந்தேன். செவந்துபோட்டா அப்புறம் போகவே போகாதுங்க. இதச் சொன்னது யாருன்னா, இருபத்திரண்டு வருசம் பீடத்துணி தொவச்ச எங்க அருள்செல்வி அக்கா."

பார்த்தவர்கள் அறுபதாயிரம் பேர். அருள்செல்வியின் பெயரை இத்தனை பேர் கேட்டது இதுதான் முதல் தடவை. கீழே முதல் ஆளாக தாஜுன்னிசா என்று ஒருத்தி எழுதியிருந்தாள்: எலுமிச்சம்பழம் போட்டு வெயிலில் காயவைத்தால் போய்விடுமே, இதுகூடத் தெரியாதவர் என்ன அக்கா? அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள்.

"அதையெல்லாம் நீங்க கண்டுக்காதீங்க அக்கா" என்றாள் லின்சி. "எங்க அக்காவுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு ஒவ்வொருத்தருக்கும் பதில் போட்டுட்டு இருக்கேனுங்க. உங்களை விட்டுக் குடுப்பனுங்களா?"

அருள்செல்வி டிரம்மின் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எதுக்குங்க அம்மணி இத்தனை சிரமம்" என்றாள்.