சாமி இல்லாத பெட்டி

தூ! இன்றைக்கும் ஒரகடம் பக்கம் போனால் அந்த நாற்றம் மூக்கில் ஏறுகிறது. கேபிளின் உறையில் எங்காவது கரண்ட் கசிகிறதா என்று மெக்கர் மீட்டர் வைத்துப் பார்ப்பது என் பிழைப்பு. வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் கூப்பிட்டிருந்தார்கள். பின்சுவரோரம் இரண்டு மின்பெட்டிகள். அதில் ஒன்று அடிக்கடி டிரிப் ஆகி கரண்ட் நின்றுவிடுகிறதாம்.

கரண்டை நிறுத்தி, மூன்று ஃபேஸையும் கழற்றி, ஒவ்வொன்றாக எர்த்தோடு வைத்துப் பார்த்தேன். இரண்டு நன்றாக இருந்தன. மூன்றாவதில் முள் பூஜ்யத்தை விட்டு எழவே இல்லை. குனிந்து கீழ்த்தகட்டைக் கழற்றினேன். கருமம்! மூக்கைப் பொத்திக்கொண்டேன். தகடெல்லாம் துரு, கேபிள் முனையெல்லாம் உப்புப் பூத்த ஈரம். அத்தனையும் மூத்திரம்.

"எந்த நாய்டா இது?" என்று கத்தினேன்.

பக்கத்தில் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த திருநெல்வேலிக்காரன் அசரவில்லை. "டாய்லெட்ட பூட்டிப் போட்டுருக்காவ. நாங்க எங்கண்ணே போவோம்?"

சாவிக்கொத்து சூப்பர்வைசர் இடுப்பில் தொங்கியது. "உள்ள பூந்து செல்போன நோண்டிக்கினு குந்திக்கிறானுங்க சார். ஷிப்ட் முடியிற வரைக்கும் பூட்டிட்டேன்" என்றான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை!

"கரண்ட் ஓடுறப்ப எவனாவது இங்க நின்னா பொணமாத்தான்யா போவான். முதல்ல கதவத் திற."

"நான் பாத்துக்கறேன் சார்."

கேபிள் முனையை மாற்றி, துடைத்து, காயவைத்து, மறுபடி மெக்கர் வைத்தேன். முள் நன்றாக ஏறியது. சோப்பு போட்டுப் போட்டுக் கை கழுவியும் அன்று சோறு இறங்கவில்லை.

கொஞ்ச நாளில் மறுபடி கூப்பிட்டார்கள். போனால், அந்தப் பெட்டிக்குப் பின்னால் சுவரில் பிள்ளையார், சிலுவை, பள்ளிவாசல் என்று மூன்று டைல்ஸ். பிள்ளையாருக்குப் பூ வேறு.

"இப்ப ஒருத்தன் வரதில்ல சார், இந்தாண்ட" என்றான் சூப்பர்வைசர், பெருமையாக. "ஆனா பக்கத்துப் பெட்டிதான் இப்ப டிரிப் ஆவுது. இன்னான்னே தெர்ல."

தெரியவில்லையாம்! அதைத் திறக்கவே வேண்டாம், நாற்றமே சொன்னது. ஒரு பூட்டைத் திறக்க மனமில்லாமல் மூன்று சாமியைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறான். சீ, இவனெல்லாம் ஒரு மனிதன்!

வந்த வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வந்ததில் எனக்கே அவசரம். "சாவியக் குடுய்யா, டாய்லெட் போகணும்."

"அதுக்கு எதுக்கு சார் அவ்ளோ தூரம்?" என்று சிரித்தபடி, சாமி இல்லாத பெட்டிப் பக்கம் கையைக் காட்டினான். "அப்டி ஓரமா போய்ட்டு வாங்க."

அதில் கரண்டை இன்னும் நிறுத்தவில்லை.