ரெண்டு பேர் தூக்கும் தொலைநோக்கி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மச்சான் மேல் பொறாமை என்றால் சும்மா பொறாமை இல்லை, சோறு இறங்காத பொறாமை. காரணம் ஒரு பை. மனைவியின் தம்பி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்தான். உள்ளே இருந்த நாலு கம்பியையும் பெட்டியையும் கண்ணாடியையும் பொருத்தி, டீ ஆறுவதற்குள் தொலைநோக்கி ஆக்கிவிட்டான்.

"எங்க தம்பிக்கு என்ன மூளை பாருங்க," என்றாள் மனைவி. பாருங்க என்றாளே தவிர, இவர் பக்கம் திரும்பவே இல்லை.

மெக்கானிக்கிடமும் சொந்தமாகச் செய்த டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி ஒன்று இருந்தது. கண்ணாடியை மாதக்கணக்கில் கையாலேயே தேய்த்தவர் அவர். ஆனால் அதைத் தாங்கும் மரப்பெட்டி பிணக்கனம். ஒரு கைப்பிடியை அவர் பிடிக்க, மறுபக்கம் அவள் பிடிக்க, "மெல்ல, சுவரு, சுவரு" என்று ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டே படி ஏறுவார்கள். ஏறியதும் மூச்சு வாங்கச் சேர்ந்து உட்காருவார்கள். இப்போது அவள் அடுத்த தெருவில் தம்பி வீட்டு மாடிக்கே போக ஆரம்பித்துவிட்டாள். "அங்க எதையும் தூக்க வேண்டியதில்லைங்க," என்றாள். மனிதருக்கு வயிறு எரிந்தது.

விடுவாரா? தடித்த குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியக் கம்பிகள் மாட்டினார். கண்ணாடிப் பெட்டியை மெல்லிய பலகையில் புதிதாகச் செய்தார். அவனுக்கு நான் என்ன குறைச்சல் என்று ஒவ்வொரு திருகாணியிடமும் கேட்டார். கைப்பிடிகளையும் கழற்றி எறிந்தார். ஒரு ஞாயிறு சாயங்காலம் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு வீராப்பாக அவள் முன்னால் போய் நின்றார்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "பரவாயில்லையே. அப்ப இனிமே நான் வேண்டாம்." நல்ல மனசோடுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

தனியாகப் படி ஏறியபோது, திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. மச்சான் மேல் இருந்த எரிச்சல் முழுக்கத் தன் மேலேயே திரும்பியது அவருக்கு.

மாடியில் இன்னொரு கூத்து. மேல் முனையில் பார்க்கும் வில்லையைச் செருகியதும் தொலைநோக்கி முன்னால் சாய்ந்து டமாரென்று பெட்டியில் இடித்தது. கீழே கனத்தைக் குறைத்த வேகத்தில், மேலே கனத்துவிடும் என்பதை மறந்திருந்தார். தினமும் லிஃப்டுகளைச் சமன்படுத்தும் எதிரெடையோடு மாரடிக்கிற மனிதர்! கருவிப் பையில் ஒரு இரும்புத் துண்டு கிடந்தது. அடியில் கட்டினால் தீர்ந்தது. கையிலும் எடுத்துவிட்டார்.

"என்னங்க சத்தம்?" படியில் அவள் குரல் கேட்டது.

இரும்பைக் கீழே வைத்து, காலால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளினார். "முன்னால சாயுது. பின்னாடி ஒரு ஆள் புடிச்சாதான் நிக்கும் போல."

"இதுக்குத்தான் இத்தனை நாள் அறுத்தீங்களா?" தலையில் அடித்துக்கொண்டு அடிப்பெட்டியைப் பிடித்தாள். "தம்பியோடது தானா நிக்குது."

"நிக்கட்டும்."

குனிந்து பார்த்தார். அவள் மூச்சு விடும்போதெல்லாம் சனி வளையத்தோடு துள்ளியது.

"ஆடுதாங்க?"

"இல்ல. அப்படியே புடி."